வடைக்கு எழுந்து போனவர்கள்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானம் தெளிவு, குளத்துப் பக்கமிருந்து லேசான குளிர்காற்று. மயிலாப்பூரில் நூற்று எழுபது நாற்காலி போட்ட ஒரு சின்ன ஹாலின் வாசலில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். ஹாலின் செயலாளர் வந்து கேட்டார்.

"உங்க பொண்ணு டிஜேவா, சார்?"

"இல்லை சார். தட்டைச் சுத்தி விடற வேலையெல்லாம் கிடையாது. எலெக்ட்ரானிக் இசைதான், ஆனா எல்லாத்தையும் மேடையிலேயே கையால வாசிப்பா. கீபோர்டு, தாளத்துக்கு ஒரு பேட், வயலின்."

"எதுவோ. ஏழரைக்கு வந்து பார்ப்பேன். வந்தவாள்ல பாதிப் பேராவது உக்காந்திருந்தா மாசா மாசம் மூணாவது சனிக்கிழமை அவளுக்கு. இல்லேன்னா யோகா கிளாஸ்காரா கேட்டுண்டிருக்கா."

மகள் வேலையை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அடையாறில் ஒரு காபிக் கடை மாடியில் இருபது பேருக்கு வாசிப்பாள்; அவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்து கேட்பவர்கள் வேண்டும் என்றுதான் இந்த ஹாலைப் பிடித்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் மார்ச்சில் பழைய ஆபீசுக்கே திரும்புவதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுடைய ஒத்திகையைப் பார்த்திருந்தேன். நடுவில் வயலினைக் கீழே வைத்துவிட்டு, பேடில் வெறும் தாளத்தை மட்டும் பன்னிரண்டு நிமிடம் வாசிக்கிறாள். நான் இந்த ஊர்க் கச்சேரிகளில் நாற்பத்தாறு வருடமாக உட்காருகிறவன். பாட்டு நின்று மிருதங்கம் தனியாகத் தொடங்கினால் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்துவிடும். நானே எழுந்திருக்கிறேன்.

ஹாலின் பின்பக்கம் போய்க் கேன்டீன்காரரைப் பிடித்தேன். ஏழரை வரை திறக்க வேண்டாம் என்றேன்.

"இன்னா சார், அப்போ வடைய யார் தலைல கட்டறது?"

"எல்லாத்தையும் நானே வாங்கிக்கறேன்."

"நூறு வடை கீது. எம்பது காபிக்கு டிகாக்ஷன் போட்டுக்கினு கீறேன். நீங்க ஒருத்தரே துன்னப் போறீங்களா?"

பணத்தைக் கொடுத்தேன். ஷட்டர் இறங்கியது.

ஆறே காலுக்குத் தொடங்கினாள். வந்திருந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். வயலினில் ஒரு வரி வாசித்துக் காலால் ஒரு பெடலை அழுத்துவாள். அந்த வரி திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதன்மேல் இன்னொன்று வாசிப்பாள். எனக்கு முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஆறு ஐம்பதுக்கு வயலினைக் கீழே வைத்தாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அறுபத்து நான்கு பேர் எழுந்தார்கள், தொப்பிக்காரர் உட்பட.

ஷட்டரைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் தொப்பிக்காரர் தெருவைக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்க ஒண்ணும் தேறாது, ஓய். மூலை மெஸ்ல சூடா போண்டா போடறான். அப்படியே ஆத்துக்குப் போயிடலாம்." அதற்குள் இருபத்தாறு பேர் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

ஷட்டரைத் தட்டினேன்.

"ஏழரைன்னீங்களே சார்?"

"தொறப்பா. எல்லாருக்கும் குடு. யார்கிட்டயும் காசு வாங்காதே."

ஷட்டரை ஏற்றிவிட்டு அவர் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நைனா, வடை ஃப்ரீ, காபி ஃப்ரீ."

தெருவில் போனவர்கள் திரும்பினார்கள். "யார் ஆத்து விசேஷம்?" என்று தொப்பிக்காரர் என்னையே கேட்டார்.

உள்ளே தாளம் நிற்கவில்லை. ஏழு இரண்டுக்கு முடிந்திருக்க வேண்டியது, ஏழு ஒன்பதுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் மாட்டிக்கொண்டதோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். இடது கை வாசிக்க, வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். கண் கதவின் மேல். கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெடலை மிதித்தாள். முதலில் வாசித்த அந்த வரி தாளத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. வயலினை எடுத்தாள். தொப்பிக்காரர் ஒரு கையில் பாதி வடையோடு மறு கையால் தாளத்தைத் தொடர்ந்தார்.

ஏழரைக்குச் செயலாளர் வந்தார். நான் ஏற்கெனவே எண்ணிவிட்டேன்: நூற்றுப் பதினைந்து. தெருவிலிருந்து வடைக்கு வந்த மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

"மூணாவது சனிக்கிழமை எழுதிக்கறேன்," என்றார்.

ஒயர்களைச் சுருட்டும்போது மகள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"கை கழண்டுடுத்துப்பா. எழுந்து போவான்னு எனக்குத் தெரியாதா? அவா காபிக்குன்னுதான் அந்தத் தாளத்தையே வெச்சேன். பன்னண்டு நிமிஷத்துல வந்துடுவா, வந்தா வயலின். வரலேன்னா வாசிச்சுண்டே இருக்கலாம். ரெக்கார்டு போட்டுட்டு நிக்கறவளா இருந்தா அதுபாட்டுக்கு முடிஞ்சிருக்கும். ஏன் இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

"ஷட்டர் சிக்கிண்டுடுத்தாம்," என்றேன்.

அப்போது கேன்டீன்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "சார், ஒரே ஒரு வடை மீந்துச்சு. உங்களுதுதான்."

அவள் வடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வடையைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த மாசம் நீ எழுந்திருக்காம கேளு."

வடை நூறு, ஒன்று இருபத்தைந்து ரூபாய். காபி எண்பது, ஒன்று முப்பது. டம்ளர் கழுவிய அம்மாளுக்கு ஐம்பது. மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.