முதலாளியம்மா தலையாட்டினால்தான் வெட்டு

வெர்லின் ஸ்டூப்ஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்விக்கி குடும்பத்துச் சீஸ் ஆலையில் முப்பத்தோரு வருடமாகத் தொட்டியடியே கதியென்று நின்றவர். கை சுத்தம், வேலை சுத்தம். சொந்தமாக ஒரு முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் மனிதருக்கு வியர்த்துவிடும். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போனால்கூட, உருளைக்கிழங்கு பொரித்ததா மசித்ததா என்று பரிமாறும் பெண் கேட்டதும் மனைவி லோயிஸின் முகத்தைப் பார்ப்பார்.

ஆலையில் பார்த்தது முதலாளியம்மா கொரீனின் முகத்தை. உறைந்த பாலில் கத்தியைச் செருகி விரலால் தூக்குவார். சுத்தமாகப் பிளந்தால் ஐந்து நிமிடத்துக்குள் கம்பிச் சட்டத்தை இறக்கி வெட்டியாக வேண்டும். தாமதித்தால் சீஸ் கட்டையாகிவிடும். வெர்லின் மாடி அறைக் கண்ணாடி ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பார், கொரீன் தலையாட்டுவாள், அப்புறம்தான் கம்பி இறங்கும். அவள் அப்பா காலத்து வழக்கம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணாடியில் திரை தொங்கியது.

"எப்ப வெட்டுறதுன்னு இனிமே நீங்களே முடிவு பண்ணிக்குங்க வெர்லின். என்னைப் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, கொரீன் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொட்டியில் நாலு பண்ணைகளின் பால். நேரம் தப்பினால் அத்தனையும் பாழ். கூடவே முப்பத்தோரு வருடப் பெயரும். கத்தியைச் செருகினார். சுத்தமாகப் பிளந்தது. பழக்க தோஷம், நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, திரைகிட்ட உத்தரவு கேக்குறியா?" என்றாள் எதிர்ப்பக்கம் கம்பிச் சட்டத்தோடு நின்ற கூட்டாளி டார்லா.

"சும்மா இரு டார்லா. மேல போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"போ, போ. நீ ஏறி இறங்குறதுக்குள்ள இது செருப்பு தைக்கத்தான் ஆகும்."

முதல் படியில் வைத்த காலை வெர்லின் இறக்கினார். கோபமாக வந்தது, கொரீன் மேல், திரை மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

"புடி அந்தப் பக்கம்!" என்று கத்தினார். கம்பி இறங்கியது. கட்டிகள் ஒரே அளவாக நழுவின, இளமஞ்சள் நீர் தெளிவாக மேலே வந்தது. அருமையான வெட்டு.

கை துடைத்த கையோடு மாடிக்குப் போனார். "ஏம்மா கொரீன், மனுசனை இப்படியா தவிக்க விடுவ? தப்பாப் போயிருந்தா?"

கொரீன் திரையை விலக்கினாள். எப்போதும் வாசலோடு பேசிவிட்டுப் போகிற வெர்லின், முதல் முறையாக அந்தக் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். பெரிய எஃகுக் குழாய் ஒன்று தொட்டியை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் நிற்கும் இடம் மட்டும்தான் தெரிந்தது.

"அப்பா போனப்புறம் போட்ட குழாய். பதினோரு வருசமா இங்கேருந்து எனக்குத் தெரியறது உங்க தொப்பிதான். அது நிமிரும். சரி, நேரம் வந்துடுச்சு போலன்னு தலையாட்டுவேன்."

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். "அப்ப... முடிவு பண்ணினது?"

"நீங்கதான். சொன்னா நீங்க தடுமாறிடுவீங்களோன்னு பயம். ஆனா எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது? இன்னிக்கும் நகத்தைக் கடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்."

வெர்லின் சிரித்த சிரிப்பு கீழே டார்லாவுக்கே கேட்டது.

வெள்ளிக்கிழமை பரிமாறும் பெண் வழக்கம்போல் லோயிஸைப் பார்த்து, பொரித்ததா மசித்ததா என்று கேட்டாள்.

"மசிச்சது" என்றார் வெர்லின்.

லோயிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்குப் பொரிச்சதுதானே புடிக்கும்?"

"யாரு சொன்னா?" என்றார் வெர்லின்.