தண்டவாளத்தில் ஓடும் வாள்

இரத்தினபுரியில் நான் ஹாட்வெயார் கடையில் நின்ற காலத்தில், எஹலியகொடப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பாஸ் வந்தார். தச்சரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நரைத்த மீசை, காதில் செருகிய பென்சில். வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்திருந்தார், பேசும்போதும் விடவில்லை.

தோட்டத்துத் தச்சுக் கொட்டகைக்கு மின்வாள் பார்த்து வரும்படி தோட்டத்தை நடத்தும் துரை அனுப்பியிருந்தார். சாதாரண வாள்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நீளமான அலுமினியச் சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய ஜப்பான் மின்வாள் ஒன்றைக் காட்டினேன்.

“தண்டவாளம் மாதிரிங்களா? கை ஆடுனா தடம் புரளாதுங்களே?”

“புரளாது பாஸ். ஏன்?”

மணிக்கட்டை விட்டார். விரல்கள் தம்பாட்டில் ஆடின.

“தொரைக்கு இன்னும் தெரியாதுங்க. தெரிஞ்சா வேல போயிரும். வேல போனா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விடணும். புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கங்க போறது?”

பலகையின்மேல் சட்டத்தை நானே பொருத்திக் கொடுத்தேன். அவர் தள்ளினார், வாள் நேராக ஓடியது. வெட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

“இன்னொண்ண நானே அளந்து வெட்டுறேங்க” என்று பென்சிலை எடுத்தார். சட்டத்தை வைக்க இரண்டு புள்ளி போதும். ஆனால் முனை பட்ட இடமெல்லாம் கிறுக்கலானது. எது புள்ளி என்றே தெரியவில்லை.

பென்சிலைத் திரும்பவும் காதில் செருகினார். பிறகு மெல்லக் கேட்டார்: “தம்பி, பென்சிலுக்கும் இந்த மாதிரி தண்டவாளம் இருக்குங்களா?”

“இருங்க பாஸ், பாக்குறேன்” என்று உள்ளே போனேன். எதைத் தேடப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.