செவ்வாய் இருந்த ஃபிலிம்

சைக்கிள் டியூபை வெட்டும்போது ஒரு வாசனை வரும். வெள்ளைப் பவுடரும் வெந்த ரப்பரும் கலந்த வாசனை... இரவல் கேமராவை அண்ணன் அந்த டியூப் துண்டுகளால்தான் பிளாஸ்டிக் குழாயோடு இறுக்கிக் கட்டினான்.

எண்பதுகளின் கடைசி. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். அண்ணனுக்கு டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே ஒதுக்கிப் போட்ட லென்ஸை வைத்து அவனே செய்த தொலைநோக்கி அந்தக் குழாய். கேமராவின் சொந்த லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாயின் பின்னால் பொருத்தினான்.

அந்த வருடம் செவ்வாய் பூமிக்கு அருகில் வந்திருந்தது. எங்கள் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது.

அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். மூன்று வரன்கள் ஜாதகத்தோடு நின்றுவிட்டன. நான்காவதாக லூமுட்டிலிருந்து ஒருவர். மனைவியை இழந்தவர், அக்காவைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவருக்கும் செவ்வாய். அம்மாவுக்கு அது போதும். அக்காவின் கையிலோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கடிதம்...

"செவ்வாய்ங்கிறது வெறுங் கல்லும்மா. படமே எடுத்துக் காட்றேன்," என்றான் அண்ணன்.

"காட்டுலா. பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்றார் அம்மா.

கிண்டலா, நிஜமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அண்ணன் நிஜம் என்றே எடுத்துக்கொண்டான். அக்காவும்.

பாங்கு ஒலி அடங்கி இருட்டத் தொடங்கியதும் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் நிற்போம். எனக்குப் பன்னிரண்டு வயது. குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மறைத்துப் பிடிப்பது என் வேலை. கேமராவின் பொத்தானை அமுக்கிய ஆட்டம் நின்றதும் அட்டையை விலக்க வேண்டும். ஒன்று, இரண்டு எண்ணி மறுபடி மூட வேண்டும்.

முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வந்து நின்றாள்.

"என்னைய ஒன்னு எடேன் அண்ணே."

"போலா. எல்லாம் செவ்வாய்க்குத்தான். ஒன்னுகூட வீணாக்க முடியாது."

"சரி, அதையே எடு. நான் எங்க போயிரப் போறேன்," என்று சிரித்தாள்.

கழுவக் கொடுத்த ஃபிலிமை வாங்கப் பள்ளி முடிந்து நான்தான் போனேன். கடைக்காரச் சீனர் சுருளை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார்.

"கோசோங்லா, அடிக். செமுவா கோசோங்."

எல்லாம் காலி, தங்கச்சி என்கிறார். ஒன்றையும் அச்சுப் போடவில்லை. சுருளாவது வேண்டுமா என்று கேட்டார். காலி ஃபிலிம் எதற்கு என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

"ஃபிலிம் எங்க?" என்றான் அண்ணன்.

"கோசோங்னு சொன்னாரு. அங்கயே விட்டுட்டேன்."

"அடிப்பாவி... செவ்வாய் ஊசிமுனை அளவுதான் விழும். அவரு கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஓடினான். கடைக் குப்பை போய்விட்டிருந்தது.

முதல் படமாக வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுத்திருந்தால், சுருள் காலியில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். இந்த வழக்கத்தை அண்ணன் பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டான். அதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

"என்னடா, உன் செவ்வாய் கோசோங்கா?" என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டார்.

தை மாதம் கல்யாணம். லூமுட் வீட்டில் அக்கா பட்டதை இங்கே எழுதப் போவதில்லை. படம் வந்திருந்தாலும் அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துப் பூ போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அது உதவும்.

இப்போது என்னிடம் ஒரு பழைய வெப்கேம் இருக்கிறது. அதன் லென்ஸைத் திருகிக் கழற்றி, அந்த இடத்தில் ஃபிலிம் டப்பாவை ஒட்டித் தொலைநோக்கியில் சொருகியிருக்கிறேன். இரண்டு நிமிட வீடியோவிலிருந்து நல்ல படங்களைக் கணினியே பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். செவ்வாயின் துருவத்து வெள்ளைகூடத் தெரியும்.

போன மாதம் வந்திருந்த அக்காவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதானா அது?"

"இதான்க்கா."

"நல்லா வந்திருக்கு." பிறகு கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "என் சின்னப் பொண்ணுக்கும் ஏழுல செவ்வாய். காம்பார்ல ஒரு பையன் இருக்கானாம், அவனுக்கும் இருக்காம். நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்."

அன்று கையில் ஒரு படம் இல்லாததுதான் குறை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இன்று ஆயிரம் படம் இருக்கிறது.