ஃப்ரீயா தானே இருக்க

பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் தொழில். சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் பொம்மைகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். கண், புருவம், உதடு, சேலைக்கரை எல்லாம் நான் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு இதே வேலையைச் செராமிக் கம்பெனியில் உட்கார்ந்து செய்தேன். அப்போது என்னை எல்லோரும் வேலைக்குப் போகிற பெண் என்றார்கள். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து செய்யத் தொடங்கியதும் நான் ஃப்ரீ ஆகிவிட்டேன்.

"நீ ஃப்ரீயா தானே இருக்க, கேஸு வந்தா வாங்கி வெச்சிடு."

"ஃப்ரீயா தானே இருக்க, எம் பொண்ணு ஸ்கூலு வுட்டு வந்தா செத்த பாத்துக்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புருவத்தை இழுக்கும்போதுதான் அக்கம்பக்கத்தவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

என் கணவருக்கு ரயில் ஜங்ஷனில் வேலை. அவரிடமும் இதே வார்த்தை வரும். ஆனால் வேறு மாதிரி வரும். "ஃப்ரீயா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார்கள். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இல்லப்பா, கொஞ்சம் வேல இருக்குது" என்பார் அவர். நம்பிக்கொண்டு போய்விடுவார்கள். என்னிடம் மட்டும் 'தானே' ஒன்று சேர்ந்துகொள்ளும். அதைச் சேர்த்துவிட்டால் கேள்வி முடிந்துபோகிறது. பதில் சொல்ல நான் எதற்கு?

நவராத்திரிக்கு முந்தைய ஆவணியில் என் நாத்தனார் பெண்ணாடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலில் பிளேட் வைத்துக் கட்டில்வாசம். அவர் வீட்டுக்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், விடிந்தால் போய்விடுவார். யார் போய்ப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தது. என் கணவர், கொழுந்தனார், நாத்தனார் வீட்டுக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி இருக்காங்களே. ஃப்ரீயா தானே இருக்காங்க" என்ற கொழுந்தனாரின் குரல் கேட்டது. டீயோடு நான் வந்தபோது முடிவாகியிருந்தது. கொலு பொம்மைகளின் சீசனே அந்த மாதந்தான் என்று சொன்னேன். "ராத்திரி வந்து பண்ணிக்க" என்றார் என் கணவர்.

தினமும் காலையில் பெண்ணாடம் டவுன் பஸ்ஸில் போவேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒருநாள் கண்டக்டர், "ஃப்ரீ டிக்கெட்டெல்லாம் பின்னாடி போங்க, காசு குடுத்தவங்க நிக்கறாங்க பாரு" என்று கத்தினார். கரும்பு வெட்டப் போகிற பெண்கள் அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒக்காருங்கம்மா. யாரு எழுந்திரிக்கச் சொன்னது? எங்க பேரு ஃப்ரீ டிக்கெட்டா?"

"கவர்மெண்ட்டு சும்மா ஏத்தினு போவுது, வாயி வேறயா?" என்றார் அவர். பெண்ணாடம் வரைக்கும் இருவரும் சண்டை போட்டோம். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அப்புறம் யாரும் எழுந்திரிக்கவில்லை.

நாத்தனாரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, துடைத்துவிடுவது, சமைப்பது எல்லாம் முடித்துச் சாயங்காலம் திரும்புவேன். இருட்டும்வரை, இருட்டின பிறகும், வர்ணம். முடித்தவற்றைப் பின்னறைத் தரையில் காயவைத்துவிட்டுக் காலையில் பஸ் ஏறுவேன்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் பின்னறையில் சிமெண்ட் மூட்டைகள். மாடி கட்டும் கொழுந்தனார் தெருவில் இறக்கிய மூட்டைகளை மழை வருகிறதென்று உள்ளே அடுக்கியிருந்தார். என் பொம்மைகளைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளியிருந்தார்கள். வளைகாப்பு செட்டில் கர்ப்பிணிப் பொம்மையின் கை உடைந்திருந்தது. ஈர வர்ணத்தின் மேல் சிமெண்ட் தூள் அப்பிக்கொண்டு, அத்தனை முகமும் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று கிடந்தது.

"தம்பி, யாரைக் கேட்டு இங்க வெச்சீங்க?"

"மழ வர மாதிரி இருந்துச்சு அண்ணி. ரூமு ஃப்ரீயா தானே இருந்துச்சு."

என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. தெருவே எட்டிப் பார்த்தது. என் கணவர் வந்து என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "சரி, ஃப்ரீயா வுடு. இதுக்குப் போயி."

ஃப்ரீயா விட வேண்டுமாம்.

கையை உதறிவிட்டு ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தேன். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. "அண்ணி, நனைஞ்சிடும், அண்ணி!" என்று ஓடிவந்தார்.

"ரோடும் ஃப்ரீயா தானே தம்பி இருக்குது" என்று நடுத்தெருவில் போட்டேன்.

நான் தொடுவதற்குள் அண்ணனும் தம்பியும் மற்ற மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் நான் பெண்ணாடம் போகவில்லை. "நீங்க லீவு போட்டுட்டுப் போங்க" என்றேன் என் கணவரிடம். லீவு கிடைக்காது என்றார். கேட்டுப் பார்த்தார், கிடைத்தது; அவரே பஸ் ஏறினார். மதியம் நாத்தனார் போன் செய்தார். அழுகையும் ஆத்திரமுமாக, "ஒங்க சண்டையில எந் தம்பிய அனுப்பி வெச்சிருக்கியே, நான் எப்படிம்மா கக்கூசு போறது?" என்றார். ஆனால் அன்றும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. பிறகு சம்பளத்துக்கு ஒரு அம்மாவை அமர்த்தினார்கள். எத்தனை மணிக்கு வர முடியும், எப்போது கிளம்ப வேண்டும் என்று அந்த அம்மாவிடம் அவ்வளவு மரியாதையாகக் கேட்டாராம் என் கணவர்.

சிமெண்ட் ஒட்டிய பொம்மைகளை டர்பன்டைன் போட்டுத் துடைத்தேன். பாதி தேறியது. அந்த வருஷம் அதற்குப் பிறகு எனக்குப் பொம்மை வரவில்லை; நேரத்துக்குத் தர மாட்டேன் என்று பேராகிவிட்டது. அதற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கொழுந்தனார் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்காமல் போனார். இப்போது "அண்ணி" என்று கூப்பிடுகிறார், நானும் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு நாத்தனார் கைத்தடியோடு வந்தார். பின்னறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மீந்திருந்த ஒரு பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ வராதது எனக்குத் தப்பாத்தான் பட்டுச்சு. இன்னிக்கும் அப்படித்தான்" என்றார்.

"சரிங்கக்கா."

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வுழுந்து கெடந்தது நானு. யாரு வந்தா ஒனக்குத் தேவலன்னு அவனுவ எவனும் என்னைய ஒரு வார்த்த கேக்கல பாரு" என்றார்.

அடங்கியிருந்த கோபம் எனக்கு மறுபடியும் வந்தது, இந்தமுறை அவருக்காகவும் சேர்த்து. கூடத்தில் அண்ணனும் தம்பியும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.