அம்மாவிடம் மிஞ்சிய மொழி

அம்மா அரிசி அளக்கும்போது உதட்டுக்குள் எண்ணுகிற சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 'ஒக்கட்டி, ரெண்டு, மூடு' என்று வெறும் காற்றாக வெளிவரும் அந்த முணுமுணுப்போடு, உழக்கு தகர டின்னில் உரசும் ஓசையும் புழுங்கலரிசியின் மக்கல் வாடையும் சேர்ந்தே வரும். வாசலில் அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டுவிட்டால், மூன்று வரை தெலுங்கில் வந்த எண்ணிக்கை அடுத்த உழக்கிலிருந்து தமிழாகிவிடும்.

அம்மா இராஜபாளையத்துக்காரி, தெலுங்கு பேசும் குடும்பம். அங்கே ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பாவை, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவள். இரண்டு ஊருக்கும் அரைமணி நேரப் பஸ் பயணம்தான் என்றாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. கல்யாணமான புதிதில், மில் வாசலிலேயே அம்மாவின் சொந்தக்காரர்கள் சிலர் அப்பாவைச் சுற்றி நின்று தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்; புரியாததுதான் அவரைத் தின்றது என்று இப்போது நினைக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்தவர், "எனக்குப் புரியாத பாஷை இந்த வாசப்படிக்குள்ள வரக்கூடாது. பிள்ளைகளுக்கும் அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா அதன்படியே நடந்தாள். எங்களைத் தமிழில் கொஞ்சினாள், தமிழில் ஏசினாள். நானும் தம்பியும் அந்த எண்ணிக்கையைத் தவிர வேறு தெலுங்கு கேட்காமலே வளர்ந்தோம்.

எண்பதுகளின் கடைசியில், நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆடி மாதம். ஆடிப்பூரத் திருவிழா தொடங்கித் தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். காலையில் துணி உலர்த்தப் போன அம்மா கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் விளங்காமல் போயின. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, "இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க. தண்ணியா எதுவும் கொடுத்திராதிய, புரையேறிரும். கஞ்சியக் கெட்டியா ஸ்பூன்ல கொடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அதை அப்படியே செய்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. பேச்சு என்றால் ஒரே ஒரு சொல். குழறிய நாக்கால் "தப்பி... தப்பி..." என்றாள். கஞ்சி ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையே சொன்னாள். நான் போனாலும் சொன்னாள், தம்பி போனாலும் சொன்னாள். அப்பா கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"தப்பா? எது தப்பு? சொல்லு லட்சுமி."

"தப்பி..."

அப்பா அவள் முகத்தருகே குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னக் கட்டுனதா?" என்று கேட்டார்.

அம்மாவின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "தப்பி" என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கட்டில் பக்கம் வரவில்லை. மில்லுக்கு லீவு போட்டிருந்தவர், தேர் பார்க்க வந்த கூட்டம் தெருவில் போவதையும் வருவதையும் பார்த்தபடி வாசலிலேயே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் "செத்த நேரம் போகட்டும்" என்பார். உள்ளே அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் கன்னத்தில் அறை வாங்கியவர்போல் அவர் தலை திரும்பிக்கொள்ளும். அம்மாவின் குரல் நாளுக்கு நாள் உலர்ந்து, கடைசியில் வெறும் உதட்டசைவாக ஆகிவிட்டது.

அப்பாவின் லீவு மில்லில் பேச்சாகி, பேச்சு அம்மாவின் அக்கா காதுக்குப் போயிருக்கிறது. ஒரு மத்தியானம், நான் அதுவரை பார்த்தே இராத பெரியம்மா, அம்மாவின் ஜாடையிலேயே கொஞ்சம் பருமனாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து வாசலில் நின்றாள். அப்பா எழுந்து வழிவிட்டார்.

அக்காவைக் கண்டதும் அம்மா மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அதே சொல்லைச் சொன்னாள்.

பெரியம்மா குனிந்து காதைக் கொடுத்தாள். சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏட்டி, தண்ணி கொண்டா! ஓடு!" என்று கத்தினாள்.

"தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றேன்.

"துணியில நனைச்சாவது நாக்குல விடணும்லா. எம்புட்டு நேரமாக் கேக்கா?"

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அவ தண்ணி கேக்கல மதினி. தப்பு தப்புங்கா. வீட்டுக்கு வந்த நாள்லருந்து அதைத்தான் சொல்லுதா" என்றார்.

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா இரக்கம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "தப்பு இல்ல மாப்ளே, தப்பி. எங்க பாஷையில தாகம். நாக்கு வறண்டுபோய்த் தண்ணி கேட்டிருக்கா" என்றாள்.

அப்பா அழவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. பெரியம்மா வெள்ளைத் துணியை நனைத்து உதட்டில் வைத்துப் பிழிந்தாள். அம்மா குழந்தை போல அந்தத் துணியைச் சப்பினாள். அது முடியும்வரை அப்பா செம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "வேற என்னல்லாம் கேப்பா? அதுக்கெல்லாம் உங்க பாஷையில என்ன?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தமிழ் திரும்பவே இல்லை. நாங்கள் பேசினால் பாதி புரிந்தது, பதில் மட்டும் தெலுங்கிலேயே வந்தது. பெரியம்மா கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்தாள். அவள் வராத நாட்களுக்காக நாங்கள் மூன்று பேரும் தெலுங்கு கற்றோம். 'நொப்பி' என்றால் வலி. 'ஆகலி' என்றால் பசி. 'சலி' என்றால் குளிர்; அது தெரியாமல், சளி என்று நினைத்து நெஞ்சில் தைலம் தேய்த்திருக்கிறோம். அப்பாவுக்கு நாக்கு வளையவில்லை. கொஞ்சம் தேறி அம்மா பால் விழுங்கத் தொடங்கிய பிறகு, 'பாலு தாகு' என்று பாலைக் குடிக்கச் சொல்வதற்குப் பதில் ஒருநாள் 'சாலு தாகு' என்றார். 'சாலு' என்றால் போதும். போதும் என்பதைக் குடி என்று கெஞ்சிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, அம்மாவின் விளங்கிய பக்கத்து உதடு மட்டும் மேலேறியது. விழுந்த பிறகு அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு சாயங்காலம் அப்பா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் மணிக்கட்டை இடது கையால் தொட்டு, "சாலு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

இப்போது அப்பாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பார்த்தால் என்னோடு தமிழில்தான் பேசுகிறார்கள், தங்களுக்குள் ஆங்கிலத்தில். சில வருஷங்களுக்கு முன் ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு தெலுங்குக் குடும்பம் வந்தது. ஆசையாகப் பேசப் போனேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. கத்தரிக்காய் விலை கேட்கவோ, சண்டை போடவோ, ஒரு கதை சொல்லவோ எனக்குத் தெலுங்கு தெரியாது. வலிக்கிறதா, குளிர்கிறதா, திரும்பிப் படுக்கிறாயா என்று மட்டுமே கேட்கத் தெரியும்.

தம்பிக்கும் அவ்வளவுதான் தெரியும். போனில் நாங்கள் தமிழிலேயே பேசிக்கொள்கிறோம். அந்தப் பாஷையை மறுபடி பேச வேண்டுமானால், எங்கள் இரண்டு பேரில் ஒருவர் படுக்கையில் விழ வேண்டும்.