வடம்வலி கேசட்டுக்கு எந்தக் கார்டு?

பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் தொழில் வேறு கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் தீர வேண்டும். நடுவில் ஒரு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் கேசட்டை ஓட்டும் டெக் பாதிக் கல்யாணத்தை மென்று துப்பியிருக்கும். நான் ஏலப்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டெக்கில் ஓடும் படத்தைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் போடும் சாமானுக்குக் கேப்சர் கார்டு என்று பெயர். அதில் எதை வாங்குவது என்று தெரியாமல் முழி பிதுங்கி நிற்கும் சக பாவிகளுக்காக, சமீபத்தில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

அரிசிக்குள் இருந்த கேசட்

பாக்கியம் அக்காள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். ஒரு நாள் எவர்சில்வர் தூக்குவாளியோடு கடைக்கு வந்தார். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அரிசிக்குள் கையை விட்டு ஒரு வீடியோ கேசட்டை எடுத்தார். எங்கள் மலையில் பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மூடுபனி. ஈரம் ஏறக்கூடாது என்று இருபது வருஷத்துக்கு மேலாக அதை அரிசியில் புதைத்து வைத்திருக்கிறார்.

கேசட்டில் இருப்பது எஸ்டேட்டின் ஓர் ஓணக் கொண்டாட்டம். அன்றைக்கு வடம்வலிப் போட்டியில், கொழுந்து பறிக்கும் எட்டுப் பெண்கள் தேயிலை பாக்டரியின் எட்டு ஆண்களைக் கயிற்றோடு சேர்த்து இழுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டார்கள். முதல் ஆளாக நின்று இழுத்தவர் பாக்கியம் அக்காள். ஆனால் பாக்டரிக்காரர்கள் அன்றிலிருந்து சொல்லும் கதை வேறு: பொம்பளைகள் ஆயிற்றே என்று விட்டுக் கொடுத்தார்களாம். கேட்டுக் கேட்டு எஸ்டேட்டே அதை நம்பிவிட்டது. அக்காளின் சொந்த மருமகனே நம்புகிறார். மாசக் கடைசியில் அக்காளுக்கு வேலை முடிகிறது. வழியனுப்பும் செண்டாப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மலையை விட்டு இறங்குவேன் என்றார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அந்த பாக்டரி அணியில் கடைசியாக நின்ற எட்டாவது ஆள் நான். அப்போது எனக்கு அங்கே தேயிலை சலிக்கும் அறையில் தற்காலிக வேலை. விட்டுக் கொடுத்த கதையை டீக்கடையில் அதிகம் சொன்னவனும் நான்தான். கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி என்னதான் காவல் காத்தும் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. ஒரு தடவை ஓட்டலாம், இரண்டாம் தடவைக்கு உத்தரவாதம் இல்லை என்றேன்.

“ஒரு தடவ போதும் தம்பி. நாங்க இழுத்ததும் ஒரு தடவதான்.”

கறுப்பு வெள்ளைக் கல்யாணம்

என் கையில் அப்போது இருந்தது ஆன்லைனில் வாங்கிய விரல் நீளக் கருவி ஒன்று. பெட்டியின்மேல் போட்டிருந்த வசதிகளைப் படித்தால், அதுவே கல்யாணத்தைப் படம் எடுத்து, எடிட் செய்து, பந்தியும் பரிமாறிவிடும் என்று தோன்றும். அதை நம்பி ஜீப் டிரைவர் கணேசனின் கல்யாணக் கேசட்டை மாற்றியிருந்தேன். நம் நாட்டுக் கேசட்டில் கலர் பதிவாவது ஒரு முறையில், அமெரிக்கக் கேசட்டில் வேறு முறையில். கணேசனுக்கு அமெரிக்காவில் கல்யாணம் நடந்ததாக அந்தக் கருவி முடிவு செய்துகொண்டு, முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் பிடித்தது. போதாததற்கு, நாடா நடுங்கிய இடத்திலெல்லாம் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, சத்தத்தைப் பின்னால் தள்ளிவிட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியிலிருந்து வாயை எடுத்து வெற்றிலை போட ஆரம்பித்த பிறகும் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

தலையைச் சொறிந்துகொண்டு, வேறு கார்டு வாங்கி மறுபடி மாற்றித் தருகிறேன் என்றேன். கணேசன் அந்தக் கறுப்பு வெள்ளை மணமேடையை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

“வேணாண்ணே, இதே இருக்கட்டும். கலர்ல பாத்தா இப்பத்தான் மாட்டுன மாதிரி இருக்கும். இதுல பாத்தா என்னிக்கோ முடிஞ்சுபோன மாதிரி நிம்மதியா இருக்கு.”

பாலக்காட்டு பாயின் தீர்ப்பு

கணேசன் மன்னித்துவிட்டார். பாக்கியம் அக்காளின் கேசட்டுக்கு மறு வாய்ப்பு கிடையாது. எனவே பாலக்காட்டில் கம்ப்யூட்டர் சாமான்கள் மொத்த வியாபாரம் செய்யும் அப்பாஸ் பாய்க்குப் போன் போட்டேன். இத்தனை வருஷமாக என் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர். புதிதாக வந்திருக்கும் மூன்று கார்டுகளின் பெருமைகளை இணையத்தில் பார்த்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பாய் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “ஏனுங்க, கேசட்டுல இருக்கறதே மங்கலான படமுங்க. அதப் புடிக்க எதுக்குங்க இத்தன பெரிய வலை?” என்றார். புதுக் கார்டுகளுக்குப் படம் கொஞ்சம் நடுங்கினாலும் பொறுக்காதாம், சட்டென்று நீலத் திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். கம்ப்யூட்டரில் டிவி பார்க்க மாட்டும் அந்தக் காலத்து டிவி டியூனர் கார்டு, ஆன்டெனாவில் வரும் நொண்டிப் படத்தைப் பிடித்தே பழகியது; எப்படி ஆடினாலும் விடாது; அதன் முதுகில் டெக்கின் வயரைச் சொருகவும் துளை உண்டு. சரி, ஒன்று அனுப்புங்கள் என்றேன்.

“பத்து வருசம் முன்னாடி மூட்டையாக் கெடந்துச்சுங்க, சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளில்லீங்க. நீங்க யாருக்காச்சும் வித்திருப்பீங்க, அவங்க கால்ல உளுந்து வாங்கிக்குங்க.”

கொடைக்கானலுக்கும் கொச்சிக்கும் நடுவே

என் ஆயுளில் நான் விற்றது ஒரே ஒரு டியூனர் கார்டு. வாங்கியவர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்த சுப்பையா சார். அவர் தமிழர், மனைவி சரோஜினி டீச்சர் மலையாளி. அந்த நாளில் தமிழ் நிகழ்ச்சி வேண்டுமானால் ஆன்டெனாவைக் கிழக்கே கொடைக்கானலைப் பார்த்துத் திருப்ப வேண்டும், மலையாளம் வேண்டுமானால் மேற்கே கொச்சியைப் பார்த்து. ராத்திரிச் செய்தி நேரத்தில் அந்த வீட்டில் தினமும் எல்லைத் தகராறு. டீச்சர் டிவியில் பார்க்கட்டும், நான் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன் என்றுதான் சார் கார்டு வாங்கினார். நானும் சந்தோஷமாக மாட்டிவிட்டு வந்தேன். கார்டு ஒன்று கூடினாலும் வீட்டில் ஆன்டெனாக் கம்பம் ஒன்றுதான் என்பது, எங்கள் மூன்று பேரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. அதன் பிறகு யார் முதலில் கம்பத்தைத் திருப்புகிறாரோ அவர் பாஷையில்தான் இரண்டு பெட்டியும் பேசின.

இப்போது போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் பூவேலை செய்த துணி போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்தது. சாருக்குக் கொடுக்க மனமில்லை, இருக்கட்டும் தம்பி, பயன்படும் என்று இழுத்தார். வடம்வலிக் கதையைச் சொன்னதும் டீச்சர் எழுந்து போய்த் திருப்புளி எடுத்துவந்து, தானே பெட்டியைக் கழற்றிக் கார்டை என் கையில் வைத்தார். அந்த எட்டுப் பெண்களில் மூன்று பேரின் பிள்ளைகள் டீச்சரிடம் படித்தவர்களாம். இவ்வளவு நாள் கழித்து இது வேலை செய்யுமா டீச்சர் என்று கேட்டேன்.

“கார்டுக்கு ஒரு குழப்பமும் இல்ல மோனே. சார் கொச்சிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தா அன்னிக்கே எல்லாம் சரியாயிருக்கும்.”

ஈரத்தின்மேல் பழி

கேசட்டைப் பிரித்து, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். மூன்று நாள் வேலை. இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். அன்று நாங்கள் யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. கயிறு அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் விறைத்து நின்ற நேரத்தில், என் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறிக் கடித்தது. நான் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் குனிந்து அதைப் பிடுங்கினேன். நிமிர்ந்தபோது என் அணி மொத்தமும் சேற்றில் குப்புறக் கிடந்தது. நான் நின்றது ஏழு பேருக்கும் பின்னால் என்பதால் என் ஆட்கள் யாருக்கும் தெரியாது; வேடிக்கை பார்த்தவர்கள் கண்ணெல்லாம் நடுக்கோட்டில் இருந்தது. ஓடிப்போய் நானும் அவர்கள்மேல் விழுந்துகொண்டேன்.

கேசட் வெளியே வந்த செய்தி பாக்டரிக்கு எட்டியதும் முருகேசன் அண்ணன் வந்தார். அணிக்கு அன்றைய கேப்டன் அவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் துடைப்பதைப் பார்த்தார். ஒரு கீறல் விழுந்தால் போதும், எங்கள் எட்டுப் பேர் மானமும் தப்பிக்கும். என் கையில்தான் துணி இருந்தது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது உண்மை. அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். அண்ணன் என் மனசுக்குள் புகுந்து பார்த்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

“நாடா ஈரத்துல போயிருச்சுன்னு சொல்லிரு தம்பி. இந்த மலையில ஈரத்துமேல பழி போட்டா யாரு கேக்கப்போறா?”

ஒரே ஓட்டம்

டியூனர் கார்டை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, டெக்கை இணைத்தேன். பாக்கியம் அக்காள் காலி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வீடியோக்காரர் முதல் அரைமணி நேரமும் மேனேஜர் குடும்பத்தை மட்டுமே எடுத்திருந்தார். அவர்கள் தரையில் போட்ட பூக்களத்தைப் பார்ப்பது, பாயசம் குடிப்பது, மறுபடி பூக்களத்தைப் பார்ப்பது. ஒருவழியாகக் கயிறு வந்தது. படம் கிடுகிடுவென்று ஆடியது, குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. பாய் சொன்னது சரிதான், கார்டு விடவில்லை. முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு பாக்கியம் அக்காள். அந்தப் பக்கம் கடைசியில் கைலியை மடித்துக் கட்டிய ஒல்லிப் பயல். அவன் கயிற்றை விட்டான், குனிந்தான், காலிலிருந்து அட்டையைப் பிடுங்கினான். அவ்வளவு தெளிவாக என் கல்யாணப் படத்தில்கூட நான் விழவில்லை.

நாடாவைத் திருப்பிச் சுற்றும்போது அது பட்டென்று அறுந்தது. இனி உலகத்தில் அந்தக் காட்சி என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. கடைசியில் கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கிறது, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடட்டுமா அக்கா என்று கேட்டேன். கயிற்றின் எதிர்ப்பக்கம் நின்று இழுத்தவருக்கு, நான் கையை விட்டது அன்றே தெரிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒண்ணும் வெட்டாத தம்பி. அட்டையவும் சேத்தே குடு.”

செண்டாப்

கூட்டம் கிளப் ஹாலில் நடந்தது. பெரிய திரையில் நானே போட்டுக் காட்டினேன். பெண்கள் பக்கம் விசில் பறந்தது. அக்காளின் மருமகன் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு யாரோ, அந்தக் கடைசி ஆள் என்ன செய்கிறான், இன்னொரு தடவை மெதுவாக ஓட்டு என்று கத்த, நான் என்னை நானே மெதுவாக ஓட்ட வேண்டியதாயிற்று. மொத்த ஹாலும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. முருகேசன் அண்ணன் பெருந்தன்மையாக எழுந்து, அட்டை கடித்தால் எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் கையை விடத்தான் செய்வான், தம்பியைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்காகப் பரிந்து பேசினார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காள், சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

“என் கால்லயும் அன்னிக்கு ரெண்டு அட்ட இருந்துச்சு முருகேசா. நான் கயித்த விட்டேனா?”

ஆகவே சக பாவிகளே, கேப்சர் கார்டு வாங்கும்போது படம் எவ்வளவு தெளிவாக விழும் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், அந்தப் படத்தில் நீங்களும் இருக்கிறீர்களா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.