அமாவாசையன்று மாறிய முகவரி

எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, அதில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எந்நேரமும் ஓட விட்டிருந்தேன். ஐயம்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் புடவைக்கு டிசைன் வரைகிறவள். அவள் வரைந்த படங்கள் அத்தனையும் அதற்குள்தான். நான் படித்தது பத்தாவது. மற்றதெல்லாம் வீடியோ பார்த்தும், தெரிந்தவர்களைத் தொணதொணத்தும் கற்றது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அதில் மட்டும் குறைச்சலே இல்லை.

வெளியூர்க்காரர்கள் எங்கள் இணைய இணைப்பின் எண்ணைத் தட்டினால் படங்கள் திறக்கும். நாத்தனார் சந்தோஷத்தில் அந்த எண்ணை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துவிட்டாள். ஆதார் நம்பர் மாதிரி அது மாறவே மாறாது என்று அவளுக்கு அடித்துச் சொன்னவளும் நான்தான்.

இருபது நாள் கழித்து அமாவாசை வந்தது. எங்கள் நெசவுக்காரர்களில் அன்று யாரும் தறிக்குழியில் இறங்கி நெய்ய மாட்டார்கள். என் வீட்டுக்காரர் தறியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார். ஈரத்துணியைக் கையில் எடுக்குமுன் இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் சென்னையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா டிசைன்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரை நாத்தனார் வரைந்ததெல்லாம் வேறு யார் யார் பெயரிலோ போனவை. இப்போது ஒன்று தேறினால் அவள் சொந்தப் பெயரில் போகும் முதல் புடவை.

போன் வந்தது. "அண்ணி, உன் பொட்டி தொறக்கவே மாட்டேங்குது!"

"அந்தம்மா நெட்டு சரியில்லைமா, பாக்கச் சொல்லு" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

எதற்கும் பார்ப்போமே என்று பார்த்தால், எண் மாறியிருந்தது. அணைத்துப் போட்டதும் இணைப்பு புது எண்ணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொன்னேன். கடைக்கார அம்மா இரண்டு படம் பார்த்திருப்பார், மறுபடியும் எல்லாம் அணைந்தது.

"ஏங்க! இன்னா பண்றீங்க?"

"ஃபேனைத் துடைக்க வாணாமா? ஷாக் அடிச்சா நீ வந்து நெய்யிறியா?"

மீண்டும் போட்டால் மூன்றாவது எண். நாத்தனார் அழாத குறை. "இன்னொரு தபா நம்பர் சொன்னா போனை வச்சிடுவேன்றாங்க அண்ணி. பதினொன்றரைக்கு வேற ஒருத்தரைப் பாக்கணுமாம்."

அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர் தெருமுனை டீக்கடையில் சொல்லிவிட்டுப் போவார். தேடி வருகிறவர் டீக்கடையில் பெயரைக் கேட்டால் போதும். இணையத்திலும் அப்படி ஒரு சேவை உண்டு என்று எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பெயரைப் பதிந்தேன். எண் மாறும்போதெல்லாம் அந்தச் சேவைக்குத் தகவல் சொல்ல ஒரு குட்டி நிரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

"பேரு மட்டும் தட்டச் சொல்லு. இனிமே நம்பரே வாணாம்."

"அண்ணன் திரும்ப ஆஃப் பண்ணா?"

"பண்ணட்டும். வந்ததும் அதுவே போய்ச் சொல்லிக்கும்."

வீட்டுக்காரர் துணியோடு ஸ்டூல் மேல் நின்றபடி, "நான் இப்ப எறங்கலாமா, வாணாமா?" என்றார்.

பதினொன்றேகாலுக்குப் படங்கள் திறந்தன. பிறகு நாத்தனார் போனில் கத்தியது எதிர்வீடு வரை கேட்டிருக்கும்.

"கொக்கு பார்டர் புடிச்சிருக்காம் அண்ணி! என் பேரு போட்டே விப்பாங்களாம்! ஆனா, கல்யாணத்துக்குக் கட்டுற புடவையில கொக்கு வாயில மீன் துடிக்குதே, அதை மட்டும் எடுத்துடுன்றாங்க."

"எடுத்துடுவேன்னு சொன்னியா?"

"பேசும்போதே எடுத்துட்டேன் அண்ணி. கொக்கு பாவம், பட்டினி!"